மாதிரிக் கட்டு அச்சாகும் முன் பணம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தைக் கருவாக வைத்துச் சீட்டுக்கட்டு வரைந்து, அச்சுச் செலவைக் கிரவுட் ஃபண்டிங் (பலரிடம் முன்கூட்டியே சிறு தொகை வசூலிப்பது) மூலம் திரட்ட நினைக்கும் இளைஞர்களுக்காக இந்தக் கடிதம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்த ஊர் நம்முடையது. சீட்டிலும் சின்னம் நான்கு. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மாவட்டம் இல்லை என்றே சொல்வோம். ஆனால் செல்போனில் நாலு படத்தையும் ஒரு கியூஆர் கோடையும் போட்டுப் பணம் கேட்பது சரியல்ல. கட்டு முழுவதையும் வரைந்து, அச்சகத்தில் மாதிரி எடுத்து, கொட்டேஷனை எழுத்தில் வாங்கிய பிறகுதான் வசூலைத் தொடங்க வேண்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறோம்.

கார்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். வெட்டுக்கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மி.மீ. படம் நீள வேண்டும். கோட்டுக்கு உள்ளே 3 மி.மீ. வரை எழுத்தோ முகமோ வரக்கூடாது. ரம்மியில் பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடிக்கும்போது ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரிவது இடது ஓரம் மட்டும்தான். எனவே எண்ணும் சின்னமும் அந்த ஓரத்தில் 12 மி.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். முதலில் 10-ஐ வரையுங்கள். அகலமான எண் அதுதான். அது அடங்கினால் மற்றவை தானாக அடங்கும். மூலையில் ௧, ௨ என்று தமிழ் எண் போட ஆசை வரும். அதைப் படத்துக்குள் போடுங்கள், மூலையில் 2, 3 என்றே இருக்கட்டும். ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி யோசிக்க வைக்கிற கட்டை யாரும் இரண்டாம் தடவை எடுக்க மாட்டார்கள்.

இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் வடிவங்களையும் கறுப்பு, சிவப்பையும் மாற்றாதீர்கள். இஸ்பேட்டுக்கு நெய்தல், கிளாவருக்கு முல்லை, டைமனுக்கு மருதம், ஆர்ட்டினுக்குக் குறிஞ்சி என்று வைத்தால், கட்டுமரமும் நாஞ்சில்நாட்டு வயலும் பேச்சிப்பாறை மலையும் படத்தில் வரட்டும், சின்னம் பழையபடியே இருக்கட்டும். இன்னொன்று: ஓவியர்கள் உழைப்பையெல்லாம் ராஜாவுக்குக் கொட்டிவிடுகிறார்கள். நம் பக்கம் ஆடும் இருபத்தெட்டு ஆட்டத்தில் ஜாக்கிக்குத்தான் 3 புள்ளி; ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கு ஒன்றுமில்லை. அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது ஜாக்கியைத்தான். தோவாளைப் பூக்கட்டுபவரையோ வள்ளத்தில் வலை இழுப்பவரையோ ஜாக்கியாக வரைந்தால் கட்டுக்கே உயிர் வரும்.

தெய்வம், புனிதர், வழிபாட்டுத் தலம் எதுவும் சீட்டில் வேண்டாம். திருவள்ளுவரையும் ஜோக்கராக்கிவிடாதீர்கள். சீட்டு தரையில் விழும், காலடியில் கிடக்கும். மூன்று மதத்தாரும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் மாவட்டம் இது. மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை, முட்டம் கலங்கரை விளக்கம், மட்டிப் பழக்குலை என்று வரைய எவ்வளவோ இருக்கிறது.

பின்பக்கத்தில்தான் பெரும்பாலான கட்டுகள் கெடுகின்றன. ஓரத்தில் 3 மி.மீ. வெள்ளைக் கரை விட்டால், வெட்டு 1 மி.மீ. நகர்ந்ததும் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 ஆகி, கோணல் பளிச்சென்று தெரியும். கரையை 5 மி.மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். கரையே இல்லாமல் ஓரம்வரை கோலம் நிரப்பினால் வேறு சிக்கல்: ஒவ்வொரு கார்டும் சற்றே வேறு இடத்தில் வெட்டுப்படுவதால் ஓரத்துக் கோலத்தைப் பார்த்தே சீட்டை அடையாளம் சொல்லிவிடலாம். தலைகீழாகத் திருப்பினாலும் கோலம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அதைவிட முக்கியம், 8-க்கு 7 என்று 56 கார்டும் ஒரே ஷீட்டில் அச்சாவது. சிறிய மெஷின் உள்ள அச்சகத்தில் 28, 28 ஆக இரண்டு ஷீட்டில் போட்டுத் தருவார்கள். இரண்டு ஓட்டத்தில் மை ஒரே அளவில் விழாது. முதுகு நிறம் மயிரிழை மாறினாலும் எந்தச் சீட்டு எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆடுபவருக்கு அது ஏமாற்ற அடையாளக் குறி போட்ட கட்டு மாதிரிதான். 52 சீட்டும் 2 ஜோக்கரும் போக மிஞ்சும் இரண்டு கார்டில் படவிளக்கத்தையும் இருபத்தெட்டு ஆட்ட விதியையும் அச்சிடலாம்.

அட்டை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரண ஆர்ட் கார்டில் லேமினேஷன் போட்டால் பார்க்க மினுங்கும், கை வியர்த்தால் ஒட்டிக்கொள்ளும், கலைத்தால் விரியாது. சீட்டுக்கென்றே வரும் 300 முதல் 310 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) அட்டையில், இரண்டு தாளுக்கு நடுவே கறுப்புப் பசை இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது. மாதிரியைப் பல்பின் முன் பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் நிழலாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு கோட்டிங் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால், சிவகாசியின் வறண்ட காற்றில் தட்டையாக வெட்டப்பட்ட சீட்டு ஐப்பசி மழையில் குளச்சலில் பிரித்ததும் வில்லாக வளையும். கோட்டிங் குறைந்த பக்கம் ஈரத்தை அதிகம் உறிஞ்சி விரிவதுதான் காரணம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இதை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் கவனிக்க வேண்டும். மாதிரிக் கட்டைப் பிரித்து ஒரு வாரம் கடற்கரை ஊரில் வைத்தாலே தெரிந்துவிடும்.

ஃபைலை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே எனும் நாலு அச்சு மை நிறத்தில் கொடுங்கள். திரையில் ஜொலிக்கும் கன்னியாகுமரிச் சூரிய உதயம் அச்சில் மங்கும். அந்த ஏமாற்றம் மாதிரியோடு போகட்டும். சிறிய எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும் போதும், நாலு நிறம் கலந்தால் விளிம்பு கலங்கும்.

பெட்டியை வெட்டியெடுக்கும் அச்சான டையை, சீட்டின் அட்டை முடிவான பிறகே செய்யச் சொல்லுங்கள். ஒரு கார்டு ஏறக்குறைய 0.3 மி.மீ. என்றால் 56 கார்டு 17 மி.மீ. வரும், அட்டை மாறினால் கட்டு பெட்டிக்குள் நுழையாது. கட்டுகள் வந்ததும் பெட்டியில் போடும் முன் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 310 ஜி.எஸ்.எம். அட்டையில் ஒரு கார்டு சுமார் 1.7 கிராம், 56 கார்டு சுமார் 96 கிராம். எண்ணிப் பார்த்த ஒரு கட்டோடு ஒப்பிட்டால், ஒரு சீட்டு குறைந்தாலும் கூடினாலும் முள் காட்டிக்கொடுக்கும். ஒரு ஏழு இரண்டு தடவை வந்து ஒரு எட்டு விடுபட்டால் தராசுக்குத் தெரியாது. அதற்குக் கட்டை விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பணக் கணக்குக்கு ஓர் உதாரணம். 500 கட்டு. அச்சும் பெட்டியும் ஜிஎஸ்டி சேர்த்து 170 ரூபாய் வீதம் 85,000. மாதிரி, டை எல்லாம் 15,000. ஓவியருக்கு 60,000. 50 கட்டைப் பழுதுக்கும் தபாலில் தொலைவதற்கும் ஒதுக்கி, 450 பேருக்கு அனுப்ப 70 ரூபாய் வீதம் 31,500. ஆகச் செலவு 1,91,500. கட்டு 499 ரூபாய் என்றால் வரவு 2,24,550. பணம் திரட்டும் இணையதளத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் 8 சதவீதம் போனால் ஏறத்தாழ 15,000 மிஞ்சும். அதையே 399 ரூபாய்க்குக் கொடுத்தால் 26,000-க்கு மேல் கைப்பணம் போட வேண்டிவரும். கொட்டேஷன் இல்லாமல் விலை சொல்கிறவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஓவியர் கூலியை விட்டுவிட்டுப் போடும் கணக்கை நாங்கள் கணக்காகவே ஏற்பதில்லை. டி-ஷர்ட், ஸ்டிக்கர் என்று பரிசுகளைக் கூட்டாதீர்கள். வெட்டாத முழு ஷீட்டை மட்டும் குழாயில் சுருட்டிக் கொடுக்கலாம், சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள்.

கிக்ஸ்டார்ட்டர் என்ற வெளிநாட்டுக் கிரவுட் ஃபண்டிங் தளத்தில் இந்தியாவிலிருந்து நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. எந்தத் தளமானாலும், இலக்கை எட்டாவிட்டால் பணம் அப்படியே திரும்பும் முறையையே தேர்ந்தெடுங்கள். அரைகுறைப் பணத்தில் அரைக் கட்டு அச்சிட முடியாது. தளம் இல்லாமல் நேரடியாக வாங்கினால் அதற்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கு ஒரு கட்டு விற்றாலும் அது வெளிமாநில விற்பனை, ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் ஊர் வீட்டு முகவரியை வாங்கினால் அனுப்பும் செலவு மிச்சம்.

அச்சு சிவகாசியில் என்றால் காலத்தையும் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்குக்குப் பிறகு டிசம்பர் முடியும்வரை அங்கே காலண்டர், டைரி வேலை நெருக்கும். 500 கட்டு வேலை பின்னுக்குப் போகும். தை முதல் ஆனிக்குள் ஃபைல் போய்ச் சேருமாறு திட்டமிட்டுவிட்டு, அதற்கேற்ப அனுப்பும் மாதத்தை அறிவியுங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படியொரு முயற்சியைப் பற்றிச் செய்தி போடும்போது, அச்சான மாதிரிக் கட்டை நிருபர் கையில் வாங்கிப் பார்த்தாரா, அச்சகத்தின் கொட்டேஷன் இருக்கிறதா, இலக்கு எட்டாவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றையும் கேட்டுச் சேர்த்து வெளியிடுங்கள். படத்தையும் கணினி வரைபடத்திலிருந்து எடுக்காமல், அச்சான கட்டிலிருந்தே எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
அச்சு, வடிவமைப்புத் தொழிலில் இருப்போர் சிலர்,
வடசேரி, நாகர்கோவில்.