வயலில் நிற்பவர் பெயர் அடங்கலில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரி டெல்டாவில் நடவுக்கு ஆள் கிடைக்காததற்கு நூறு நாள் வேலைதான் காரணம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், பயிர் செய்கிறேன். மூன்று மா மாமனார் விட்டுப்போனது, ஆறு மா குத்தகை. எங்கள் ஊரில் நடந்தது வேறு மாதிரி.

முதலில் போனது அறுவடைக் கூலி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் தை, மாசி முழுக்கக் கதிர் அறுத்து, கட்டுத் தூக்கி, களத்தில் அடித்து, கூலியை நெல்லாகவே வாங்கிப் போவார்கள். நிலமில்லாத வீட்டில் பல மாதம் உலை கொதித்தது அந்த நெல்லில்தான். அறுவடை மெஷின் வந்ததும் அது நின்றுபோனது. தண்ணீர் எப்போது வரும் என்ற நிச்சயம் இல்லாததால் எங்களில் பலர் புழுதியில் நேரடியாக விதைக்க ஆரம்பித்தோம், அதில் நடவு வேலையும் குறைந்தது. மிஞ்சிய இருபது முப்பது நாள் கூலியை நம்பி எந்தக் குடும்பம் ஊரில் இருக்கும்? அவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போன பிறகு, ஆற்றில் தண்ணீர் வந்து எல்லோரும் ஒரே பத்து நாளில் நட வேண்டியிருக்கும்போதுதான் ஆள் பற்றவில்லை. இப்போது மேற்கு வங்கத்துக் குழு ஏக்கர் கணக்கில் பேசி நட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறது. எங்கள் ஊரில் நூறு நாள் வேலை பெரும்பாலும் கோடையில்தான் நடந்தது. அப்போது வயலில் வேலையே கிடையாது.

நிலம் உள்ளவர்களும் போனார்கள். தமிழகம் முழுவதும் வறட்சி என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்களே, அந்தச் சம்பா எங்களுக்குக் கதிர் பிடிக்காமலே கருகியது. அடுத்த வருடம் நவம்பர் 16 அன்று கஜா புயல். வீட்டைச் சுற்றி நின்ற இருபத்திரண்டு தென்னையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பொங்கல் முடிந்ததும் என் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். இன்றுவரை பனியன் கம்பெனியில்தான் இருக்கிறார்.

நான் நோட்டில் எழுதி வைத்திருக்கும் 2024-25 சம்பாக் கணக்கைச் சொல்கிறேன். ஏக்கருக்கு உழவும் வரப்பும் 6,000, விதை நாற்று 3,000, நடவு 5,500, களை 3,500, உரமும் மருந்தும் 7,000, அறுவடையும் ஏற்றுக்கூலியும் 4,000. ஆக 29,000 ரூபாய். ஈரவயலில் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மெஷின்தான் இறங்கும், அதற்கு வாடகை கூடுதல். விளைந்தது 60 கிலோ மூட்டையில் முப்பது, அதாவது 18 குவிண்டால். மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்னரகத்துக்கு அரசு விலை குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் என்பதால் 44,100 கிடைத்தது. சொந்த நிலத்தில் ஏக்கருக்கு 15,100 மிச்சம். குத்தகை நிலத்தில் உரிமையாளருக்கு ஒன்பது மூட்டை அளந்துவிட்டால் என் கையில் நிற்பது 1,870 ரூபாய். ஐந்து மாதம் நான் மடை பார்த்ததற்கும் களை பறித்ததற்கும் இதில் கூலி போடவில்லை.

மத்திய அரசின் 2018-19 கணக்கெடுப்பில் இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமுமாக வருவது 4,063, பயிரில் கிடைப்பது 3,798. எங்கள் வீட்டில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. வீட்டுக்காரர் மாதம் 8,000 அனுப்புகிறார். சம்பாவுக்கு மேலுரம் போடும் சமயத்தில்தான் திருப்பூரில் தீபாவளி போனஸ் கொடுப்பார்கள். யூரியாவும் பொட்டாஷும் அந்தப் பணத்தில்தான் வாங்குகிறேன். ஊரை விட்டுப் போனதால் விவசாயம் அழிகிறது என்று எழுதுகிறார்கள். போனவர்கள் அனுப்பும் பணம் நின்றால் அடுத்த சம்பாவுக்கு எங்கள் தெருவில் பாதி வயல் தரிசுதான்.

இவ்வளவு செய்தும் அரசுக் கணக்கில் நான் விவசாயி இல்லை. சொந்த நிலத்தின் பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்ற வீட்டுக்காரரும் நாத்தனார்கள் இருவரும் ஒன்றாக வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் லீவு. எங்கள் பெயரில் பட்டா இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியாது. நேரத்தில் கட்டினால் அந்தக் கடனுக்கு வட்டியே இல்லை. நான் நகையை அடகு வைத்து வட்டி கட்டுகிறேன். குத்தகை நிலத்து நெல்லை நிலக்காரர் பெயரில்தான் கொள்முதல் நிலையத்தில் போடுகிறேன். பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போய், குத்தகை கழிந்து, பல தடவை போன் போட்ட பிறகு என்னிடம் வருகிறது. 2021 ஜனவரி மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது. ஆறு மாவுக்கான நிவாரணமும் அவர் கணக்குக்கே போனது. பிரதமரின் 6,000 ரூபாய்த் திட்டத்திலும் குத்தகைதாரருக்கு இடமில்லை.

குத்தகையைப் பதிவு செய்ய இங்கே 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு என்று வாயெடுத்தால் அடுத்த வருடம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆந்திராவில் 2019-இல் வேறொரு வழி செய்தார்கள். பயிர் செய்பவருக்கு 11 மாதத்துக்கு ஓர் அட்டை. அதனால் நிலத்தின் மேல் எந்த உரிமையும் வராது, கடன், இன்சூரன்ஸ், நிவாரணம் இவற்றுக்கு மட்டும் செல்லும். அதற்கும் உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்பது பெரிய குறைதான். அக்கம்பக்க வயல்காரர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்று இங்கே செய்யலாம்.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று ஊர்தோறும் எழுதும் அரசுப் பதிவேடுதான் அடங்கல். அதை எழுத வரும்போது நிலம் யாருடையது என்று கேட்கிறார்கள். பயிர் யாருடையது என்றும் கேட்டு எழுத வேண்டும் என்று உங்கள் இதழ் ஒரு தலையங்கம் போட்டால் நன்றாக இருக்கும். சம்பா விதைப்புக்கு முன்னால் போட்டால் இன்னும் உதவி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.