டோர்ட்முண்டிலிருந்து அப்பாவுக்கு

டோர்ட்முண்ட், ஜெர்மனி,
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? வீடியோ காலில் வந்தால் "என்ன சாப்பிட்ட, குளிருதா" என்று கேட்டுவிட்டு அம்மா போனை ஆச்சியிடம் கொடுத்துவிடுகிறாள். உங்கள் முறை வருவதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம். போன மாதக் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இனி மார்ச் கடைசி வரை நம் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது.

விலாசம் கேட்டிருந்தீர்கள். தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் எட்டுக் குடித்தனம் இருந்தாலும் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால் வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று உங்கள் பெயரைப் போட்டிருப்பதால், இங்கே ஒட்டியிருப்பதும் அதுதான். டாக்டரிடமும் வங்கியிலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பேன், இப்போது பழகிவிட்டது. அம்மா கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயரை இங்கே வரவேற்பில் இருக்கிற சின்னப் பெண்கூட சத்தமாகச் சொல்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்ப நாள் ஒத்துவரவில்லை. கடைகளைச் சட்டப்படியே மூடிவிடுகிறார்கள். சனிக்கிழமைக்குள் வெங்காயம், பால் வாங்கிவைக்காவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக் கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே விலை அதிகம். அன்றைக்குச் சத்தமும் கூடாது. ஆணி அடிப்பது, துளை போடுவது எதுவும் ஆகாது. சட்னி அரைப்பதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை, ஆனாலும் நான் சனிக்கிழமையே மிக்ஸி போட்டுவிடுகிறேன். தாளிக்கிற நேரத்தில் கொத்தமல்லி வாங்கத் தெருமுனைக்கு ஓடி வளர்ந்தவளுக்கு இது பெரிய கட்டுப்பாடுதான். ஆனால் கடையில் நிற்கிற பெண்ணும் அன்றைக்கு வீட்டில் இருக்கிறாள். தீபாவளிக்குக்கூட ஷிப்ட் பார்த்த உங்களுக்கு இது பிடிக்கும்.

இன்னொன்று சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் கூடப் பிடித்துக்கொள்கிறார்கள். காலி பாட்டிலைக் கடையிலேயே சுவரில் இருக்கிற ஒரு ஓட்டைக்குள் வைத்தால், மெஷின் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். அவசரத்தில் இருக்கிறவர்கள் தெருக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் வெளியே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். பாட்டில் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் கையை உள்ளே விட வேண்டாமே என்றுதான். இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன். இவ்வளவு பணக்கார நாட்டில் வயசானவர்கள் பாட்டில் பொறுக்குவது மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை.

உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊர் ஒரு காலத்தில் நிலக்கரி, எஃகு, பீர் என்று ஓடிய ஊர். ஹொர்டே என்ற பகுதியில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய எஃகு ஆலையை 2001-ல் மூடி, பிரித்து, சீனாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அந்த இடத்தைத் தோண்டி, 2010-ல் தண்ணீர் விட்டு ஏரியாக்கிவிட்டார்கள். பீனிக்ஸ் ஏரி என்று பெயர். கரையில் எஃகு காய்ச்சிய ராட்சதக் கொப்பரை ஒன்றை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் விலை கூடின வீடுகள், காபிக் கடைகள். எங்கள் மாடியில் இருக்கிற பெரியவர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர். ஊரே அங்கே வாக்கிங் போகிறது, அவர் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. மில்லை மூடியபோது மெஷின்களை லாரியில் ஏற்றுவதைப் பார்க்க மாட்டேன் என்று நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்களே, அது ஞாபகம் வந்தது. அவரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். எத்தனை தறி, எத்தனை ஷிப்ட் என்று விசாரித்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, எழுதி அனுப்புங்கள்.

பக்கத்து ஊர் ஹாமில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கட்டியது, 2002-ல் கும்பாபிஷேகம். தொழிற்பேட்டை நடுவில் கோபுரம். மாத பாஸிலேயே ரயிலும் பஸ்ஸும் ஏறிப் போய்விடலாம். பிரசாதம் கொடுத்த அம்மா "எங்கயிருந்து வாறீங்கள், பிள்ளை?" என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. ஆச்சியிடம் கோயிலை மட்டும் சொல்லுங்கள், அழுததைச் சொல்லாதீர்கள்.

அம்மா பார்சல் போடுவதாக இருந்தால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பால் பொருள் தபாலில் வரக் கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். இட்லிப் பொடி போதும். அப்புறம், உங்கள் முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார்? அம்மா போனில் மழுப்புகிறாள், நீங்களே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்