பாதியில் காலி செய்த வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்டில் அமெரிக்கா கிளம்பும் பிள்ளைகளுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக, அங்கே வாடகை வீட்டை ஒப்பந்தம் முடியுமுன் காலி செய்தால் என்ன ஆகும் என்று எழுதுகிறேன்.

நான் வங்கியில் கடன் பிரிவில் 31 வருடம் இருந்தவன். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் ஸ்கோர், சரியில்லை என்று எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாடகை பாக்கியால் ஸ்கோர் விழுந்தவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. நம்மூரில் பாக்கியை அட்வான்ஸில் கழித்து, பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையும் பிடித்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுவார்கள். அந்த நினைப்பில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

2023 மார்ச்சில் டெக்சாஸில் என் மகனுக்கு வேலை போனது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு 60 நாள்தான் அவகாசம். வேறு வேலை அமையவில்லை. மே மாதம் கிளம்பிவிட்டான். வீட்டு ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு, பூட்டியிருந்த அலுவலகக் கதவின் துளை வழியாகச் சாவிக் கவரைப் போட்டதைப் போனில் எனக்குக் காட்டினான். "ரீலெட்டிங் கட்டணம் ஒன்று வரும்பா, அதைக் கட்டினால் முடிந்தது" என்றான். நானும் சரி என்றேன்.

முடியவில்லை. மாத வாடகை 1,450 டாலர். அதில் 85 சதவீதம், அதாவது 1,232.50 டாலர், அந்தக் கட்டணம். அது வேறு ஆள் தேடும் செலவுக்குத்தானாம். ஒப்பந்தத்திலிருந்து விடுதலை இல்லை. வேறு ஆள் வரும்வரை வாடகை என்று இரண்டு மாதம், கார்ப்பெட்டுக்கு 180. டெபாசிட் 300 போக 4,012.50 டாலர் பாக்கி. அந்தக் கணக்குச் சீட்டு போனது அவன் காலி செய்த அதே வீட்டுக்கு! புது முகவரியை அவன் எழுதிக் கொடுக்கவேயில்லை. பிறகு பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போனது. 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று சொல்லும் அவர்களுடைய கடிதமும் அங்கேதான் போயிருக்கிறது.

மறுபடி அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போன பிறகு, கார் லோன் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கார்டு பில் ஒன்றுகூடத் தவறாதவனுடைய கடன் அறிக்கையில் 'கலெக்‌ஷன்' என்று ஒரு வரி. வீட்டுக்காரர் பெரும்பாலும் நேராக ஸ்கோரில் கை வைப்பதில்லை. ஒப்பந்தத்தை முறித்தது மட்டும் அங்கே ஏறுவதும் இல்லை. கட்டாத பாக்கி ஏஜென்சி வழியாக ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் விவர நிறுவனங்களின் அறிக்கைகளில் ஏறுகிறது. (நம்ம சிபிலும் அந்த டிரான்ஸ்யூனியன் கையில்தான்.) புதிதாக வீடு தேடியபோதும் இரண்டு இடத்தில் அதையே காட்டி மறுத்தார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தோம். காலியான வீட்டை வேறு ஆளுக்கு விட முயல வேண்டியது டெக்சாஸில் வீட்டுக்காரரின் கடமை; ஒப்பந்தத்தில் எப்படி எழுதினாலும் அந்தக் கடமை நீங்காது. புது ஆள் குடிவந்த தேதியை எழுத்தில் கேட்டோம். மூன்றே வாரத்தில் வந்திருக்கிறார்! ஒரு மாத வாடகையைக் கழித்தார்கள். மீதி 2,562.50 டாலரை மகன் கட்டிவிட்டான். 'செலுத்தப்பட்டது' என்று பதிவு மாறியது, ஆனால் நீங்கவில்லை. 7 வருடம் இருக்கும். கட்டிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, முதலில் பாக்கி விழுந்ததிலிருந்து எண்ணுவார்கள். எங்கள் கணக்கில் 2030 வரை.

வேலை போனதும் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எவ்வளவு கொடுத்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். சாவி கொடுத்ததற்குச் சீட்டும் கடைசிக் கணக்கும் வாங்கி, புது முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். 31 வருடம் ரசீது எழுதியவனுக்கும் அன்று இதெல்லாம் தோன்றவில்லை. அதை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

புது வீட்டு ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் மகன் எனக்கு அனுப்பினான். நாற்பது பக்கம். பென்சிலோடு படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
மன்னார்குடி.