செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: கடலூர் – சிதம்பரம் சாலை, சிப்காட் பகுதிக் கடைக்காரர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிதாக ஐந்து கடைகள் சேர்ந்தன, இரண்டு கடைகள் மூடப்பட்டன, இப்போது நாம் 61 கடைகள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து சந்தா தவறாமல் கட்டிவந்த மூத்த பெட்டிக்கடைக்காரர் மாசி மாதத்தில் காலமானார். அவருக்கு நம் அஞ்சலி. ஃபெஞ்சல் புயலை அடுத்து டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை கரைபுரண்டபோது, ஆற்றோரக் குடியிருப்புகளுக்கு மூன்று நாள் சாப்பாடு செய்து அனுப்பினோம். அரிசி கொடுத்தவர்கள், அடுப்படியில் நின்றவர்கள் எல்லோருக்கும் நன்றி. தெருவிளக்குக் கோரிக்கை பாதி நிறைவேறியிருக்கிறது.

இனி சொல்லப் போவதற்குத்தான் அதிக நேரம் கேட்கிறேன். ஆடி மாதத்தில் நம் கடைகளுக்கு முன்னால் நடந்த கசிவு. அன்று நாம் சரியாகச் செய்தது கொஞ்சம், தவறாகச் செய்தது நிறைய. இரண்டையும் எழுத்தில் வைத்தால்தான் நாளைக்குக் கடையில் உட்காரப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

காலை பத்தரை மணி இருக்கும். தார்ப்பாய் போட்டு மூடிய லாரி ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கியது. உள்ளே டிரம்கள் முட்டிக்கொண்ட சத்தம் டீக்கடை வரை கேட்டது. கொஞ்ச தூரத்தில் லாரி நின்றது. பின்பக்கத்திலிருந்து நிறமில்லாத திரவம் சாலையில் ஒழுகி, ஓரமாக வடிகாலை நோக்கிப் போனது. கூடவே கருவாட்டு வாடை. துறைமுகம் பக்கத்தில் இருக்கும் ஊர் இது, மீன் வண்டி தினமும் போகும் சாலை. ஐஸ் தண்ணீர்தான் ஒழுகுகிறது என்று நம்மில் பலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கண் எரிய ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன்.

அது டைமெத்தில் அமீன் கரைசல். மருந்து, பூச்சிமருந்து தயாரிப்பில் பயன்படுகிற சரக்கு. கெட்டுப்போன மீனில் நாறுவது இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு அமீன், அதனால்தான் அந்த வாடை. இது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது. தீப்பற்றும், தோலையும் கண்ணையும் அரிக்கவும் செய்யும். ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் பள்ளம் பார்த்து ஊர்ந்து, எங்கோ எரிகிற அடுப்பைத் தொட்டால் அங்கிருந்து தீ திரும்பி ஓடி வரும். கொஞ்ச நேரம் சுவாசித்தால் மூக்கு பழகிப்போய் வாடையே தெரியாது. வாடை குறைந்துவிட்டது என்று கிட்டே போகிறவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

லாரியின் கிளீனர், இருபது வயதுகூட இருக்காத வடநாட்டுப் பையன், மேலே ஏறிக் கையால் மூடியை முறுக்கப் பார்த்தான். தெறித்தது. வலது கையிலும் ஒரு கண்ணிலும் பட்டது. பஞ்சர் கடைத் தம்பி அவனை இழுத்து வந்தான். அங்கே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். காரம் என்றால் எலுமிச்சம்பழம் பிழியலாம் என்றார் ஒருவர், தேங்காய் எண்ணெய் என்றார் இன்னொருவர். டிபன் சென்டர் அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்து, சட்டையைக் கத்தரித்துக் கழற்றி, கண்ணிமையை விரலால் பிரித்துப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தார். அவன் போதும் போதும் என்று கத்தியும் நிறுத்தவில்லை. 108 வரும் வரை இருபது நிமிடத்துக்கு மேல், ஆறு கேன். அமிலம் பட்ட இடம் வெந்து ஒரு தடுப்புப் போல் கெட்டிப்படும். காரம் அப்படி இல்லை, கண்ணின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அதனால் முதல் நிமிடத்திலேயே தண்ணீர் விழ வேண்டும், விடாமல் விழ வேண்டும். பஞ்சர் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவ விடாமல் சுத்தமான தண்ணீரை எடுத்ததும் அக்காவின் நிதானம். பையனின் பார்வை பிழைத்தது. சங்கத்தின் சார்பில் அக்காவுக்கு இந்த மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது நாம் செய்யவிருந்த பெரிய தவறு. நம் ஊரில் எந்த நாற்றம் அடித்தாலும் பிளீச்சிங் பவுடர் தூவுவது பழக்கம். அன்றும் இரண்டு பேர் மூட்டையோடு கிளம்பிவிட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து டீ குடிக்க வந்திருந்த ஒரு ஆபரேட்டர் ஓடிப்போய் அவர்களைத் தடுத்தார். அமீன் மேல் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரமீன் வகை நச்சு கிளம்பும். அன்று தூவியிருந்தால் கண் எரிச்சலோடு நின்றிருக்காது. மரக்கடையிலிருந்து மரத்தூள் கொண்டு வரலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. தீப்பற்றும் திரவத்தின் மேல் மரத்தூளைக் கொட்டுவது விறகில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. உலர்ந்த மணல்தான் சரி.

அதே ஆபரேட்டர்தான், லாரிக்கு வடமேற்கே நன்றாகத் தள்ளி நின்று, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பக்கவாட்டுப் பலகையைப் படித்தார். பாதிப் பலகை தார்ப்பாய்க் கயிற்றுக்குள் மறைந்திருந்தது. தெரிந்தது 1160 என்ற எண்ணும், பக்கத்தில் இரண்டு சாய்சதுர அடையாளங்களும். ஒன்று சிவப்பில் தீச்சுடர். மற்றது கறுப்பு வெள்ளையில், கையின் மீதும் உலோகத்தின் மீதும் சொட்டும் திரவம். இரண்டும் சேர்ந்து இருந்தால் எரியவும் செய்யும், அரிக்கவும் செய்யும் என்று பொருள். முதலில் 101-க்கு அழைத்தவர் “ஏதோ கெமிக்கல் லாரி” என்று மட்டும் சொல்லியிருந்தார். இரண்டாவது அழைப்பில் இந்த எண்ணைச் சொன்னோம். வந்த தீயணைப்பு வீரர்கள் முகமூடியும் காற்று சிலிண்டரும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பாய்ச்சி அடிக்காமல் பனித்தூவலாகத் தண்ணீர் தெளித்து ஆவியை அமுக்கினார்கள். மணலால் வரப்புக் கட்டி வடிகாலை அடைத்தார்கள். அந்த வடிகால் போய்ச் சேருமிடம் உப்பனாறு. நாம் சொன்ன நாலு இலக்கம் அவர்களுக்கு எவ்வளவு உதவியது என்று அவர்களே பிறகு சொன்னார்கள்.

அந்தப் பலகை யாரும் தயவு பண்ணி மாட்டுவதல்ல. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, அபாயச் சரக்கு ஏற்றும் வண்டியின் இரு பக்கமும் பின்புறமும் ஆக மூன்று இடத்தில் அது தெரிய வேண்டும். யு.என். எண், அதாவது என்ன சரக்கு என்று சொல்லும் 1160 போன்ற எண், 100 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. அடையாளச் சதுரம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அவசரத் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். சில பலகைகளில், எப்படிச் சமாளிப்பது என்று தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லும் ஹாஸ்கெம் என்ற குறியீடும் இருக்கும். அதில் முதல் எண் 1 என்றால் தண்ணீர் பாய்ச்சலாம், 2 என்றால் தூவல், 3 நுரை, 4 என்றால் உலர் பொருள்தான், தண்ணீர் ஆகாது. கடைசியில் ஆங்கில எழுத்து ஈ (E) இருந்தால் ஆட்களை அப்புறப்படுத்துவதை யோசிக்க வேண்டும். ஓட்டுநர் அறையில் ட்ரெம் கார்டு (அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய அட்டை) இருக்க வேண்டும், அந்த ஓட்டுநர் மூன்று நாள் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அன்றைய ஓட்டுநரிடம் அட்டை இருந்தது. பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு இந்தி தெரியாது. பலகை மட்டும் மூடாமல் இருந்திருந்தால் பாஷையே தேவைப்பட்டிருக்காது. தார்ப்பாயைப் பலகை மேல் இழுத்துக் கட்டியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் மேற்கிலிருந்து காற்று அடித்தது. ஆவி கிழக்கு வரிசைக் கடைகளுக்குப் போனதால் எல்லோரையும் மேற்கே கூட்டி வந்து நிறுத்தினோம். கிழக்கு வரிசையில் கிரில் பட்டறை இருக்கிறது. ஆவி அங்கே போய்ச் சேரும் முன்பே பட்டறைக்காரர் வெல்டிங்கை நிறுத்தி மெயினை இறக்கிவிட்டார். டீக்கடை பாய்லரும் அணைந்தது. (ஆவி சூழ்ந்த பிறகு சுவிட்சைத் தொடக் கூடாது, அதிலும் பொறி உண்டு. லாரி பக்கத்தில் நிறுத்திய பைக்கை எடுக்கப் போவதும் அப்படித்தான்.) அதுவரை சரி. ஆனால் ஒரு மணி வாக்கில் கடல்காற்று திரும்பியது. கரையோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது தினமும் நடப்பது, இருந்தும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பாதுகாப்பான இடம் என்று குழந்தைகளோடு நின்ற மேற்குப் பக்கத்துக்கே வாடை வந்தது. அதற்குள் பெரும்பகுதி அடங்கியிருந்ததால் இருமலோடு போனது. கசிவு என்றால் முதலில் எல்லாப் பக்கமும் 50 மீட்டராவது விலக வேண்டும். டேங்கரையே தீ சூழ்ந்தால் 800 மீட்டர். அப்புறம் காற்று வருகிற பக்கமாக, மேடான இடத்துக்குப் போக வேண்டும். அங்கே போனதும் உட்கார்ந்துவிடாமல் காற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு செய்தவை: கிரில் பட்டறை மாடியில் மூங்கில் நட்டு ஒரு நீளத் துணி கட்டியிருக்கிறோம், காற்று எந்தப் பக்கம் என்று சாலையின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். பத்துக் கடைக்கு ஓரிடம் என்று ஆறு இடங்களில் மூடி போட்ட தொட்டியில் உலர் மணல் வைத்தோம். மழையில் மணல் நனைந்து இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. மணல் அள்ளத் துத்தநாகப் பூச்சு வாளியும் பித்தளைப் பாத்திரமும் வேண்டாம், அமீன் அவற்றை அரிக்கும். பிளாஸ்டிக் வாளி வாங்கியிருக்கிறோம். ஏப்ரல் 14 தீயணைப்பு வாரத் தொடக்கம். அந்த வாரத்தில் ஒத்திகை நடத்தித் தரும்படி தீயணைப்பு நிலையத்தில் கேட்டிருக்கிறோம், வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

முடியாதவையும் உண்டு. அன்று நாள் முழுக்கக் கடை அடைத்த நஷ்டத்துக்கும், பையனுக்குப் பயன்படுத்திய தண்ணீருக்கும் சரக்கு அனுப்பிய நிறுவனத்திடம் மூன்று முறை எழுதினோம். பதில் இல்லை. தண்ணீர் கேன்களுக்குச் சங்கமே பணம் கொடுத்தது. 1996-ஆம் ஆண்டு இரசாயன விபத்து விதிகள்படி உள்ளூர் நெருக்கடிக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விஷயத்தைச் சொல்லித் தருவதும் அதன் வேலை. அந்தக் கூட்டத்துக்கு நம்மில் ஒருவரையும் அழைக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். விபத்து நடந்தால் லாரிக்கு முதலில் ஓடிப்போவது நாம்தான். நம்மிடம் சொல்லாமல் போடுகிற திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

இந்த ஆண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. டிபன் சென்டருக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனியாக ஒரு குழாய் இறக்கி, முகம் கழுவும் உயரத்தில் இரண்டு முனை வைக்க வேண்டும். பிளம்பர் மதிப்பீடு தந்திருக்கிறார், பொருளாளரிடம் இருக்கிறது. பூட்டு வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் வீணாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்டேன். சாவி தேடும் நேரத்தில் ஒரு கண் போய்விடும். இதை இன்றைக்கே ஓட்டெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு, அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்