பத்து மணி மிஸ்டு கால்

கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. அங்கே கழிந்த அந்த 19 நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாததும் இல்லை, அதை இன்னொரு முறை சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. இரத்தம் கொடுத்தவர்கள், நள்ளிரவில் கார் எடுத்தவர்கள், சின்னவனுக்கு முறை வைத்து டிபன் டப்பா கட்டிக்கொடுத்த மூன்று வீட்டுக்காரர்கள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "எப்ப வருவ?" என்று ஒரு தடவைகூடக் கேட்காத அலுவலகத் தோழிகள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்ல மறந்த (மறந்ததுபோல் இருந்த) அந்த ஒருவர், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுப் படியும் ஏறி வருவேன், கொஞ்சம் பொறுங்கள்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது எங்கள் வாட்ச்மேன் ஐயாவைப் பற்றி.

நேற்றுக் காலை மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே ஆடிப்பட்டத்தில் விதைத்த பி.கே.எம். 1 ரகத் தக்காளி, 14 பைகள். செடி தழைத்திருக்கும், பூ மொத்தமும் உதிர்ந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேதான் படி ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ராத்திரி எதிர் வீட்டு அக்காவிடம் "செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திடுங்க" என்று சொன்னதோடு சரி. தண்ணீர் ஊற்றினால் செடி வளரும். எங்கள் மாடியில் காய் பிடிக்க அது போதாது.

கோவை வடவள்ளியில் வீடு. மருதமலை கூப்பிடு தூரம். குரங்குக்கும் மயிலுக்கும் பயந்து மாடியைச் சுற்றியும் மேலேயும் வலை கட்டியிருக்கிறோம். குரங்கு வராது. வண்டும் வராது, காற்றும் பாதிதான் வரும். தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பூதான், ஆனால் அந்தத் தூள் வெளியே இருக்காது. மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கூம்பாக நிற்கும், தூள் அதற்குள்ளே. உப்பு டப்பா மாதிரி உலுக்கினால்தான் நுனி வழியாகக் கொட்டும். கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை 'ர்ர்ர்' என்று அதிரவைத்து உதிர்த்துவிடும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வலைக்குள் அந்த வண்டு வேலை என்னுடையது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் தேநீர் இடைவேளையில் மேலே போய், பேட்டரியில் ஓடும் பழைய டூத்பிரஷ்ஷைக் கொத்தின் காம்பில் வைத்து எடுப்பேன். அதற்கும் நேரம் உண்டு. காலை ஈரத்தில் தூள் கட்டிக்கொள்ளும், உச்சி வெயிலில் காய்ந்துபோய் ஒட்டாது. பத்து மணி, பத்தரைதான் கணக்கு.

வலைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கீழ்க்கொத்தில் எலுமிச்சை அளவுக்குப் பச்சைக் காய், அதற்கு மேல் கோலிக்குண்டு, அதற்கும் மேல் சுண்டைக்காய் அளவில் பிஞ்சு. நடுவில் ஒரு கொத்து மட்டும் மொட்டைக் காம்பு. கிட்டத்தட்ட எல்லாப் பையிலும் இதே வரிசை.

"நான் தண்ணிதான் ஊத்துனேன். வாட்ச்மேன்தான் தினமும் போனை வெச்சுக்கிட்டு செடிகிட்ட என்னமோ பண்ணிட்டிருந்தாரு" என்றார் அக்கா.

ஐயாவிடம் கேட்டால், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல நெளிகிறார். "போன வருசம் பகல் டூட்டியில தொட்டி பாக்க மேல வருவனுங்க அம்மிணி. நீங்க பூவுக்கு பிரசு வெக்கிறத பாத்திருக்கறனுங்க. இப்ப பிரசு உள்ள பூட்டியிருக்குது. அதான் போனை அதிர வுட்டு காம்புல வெச்சனுங்க."

போன் தானாக அதிருமா? அன்னூர்ப் பக்கம் ஊரில் இருக்கும் அவர் மனைவி பத்து மணிக்கு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார். ஒரு கால் அடித்து ஓய்வதற்குள் மூன்று செடி, நான்கு செடி. அப்புறம் இன்னொரு கால். "மொத நாளு, கிறுக்குப் புடிச்சிருச்சான்னு கேட்டாளுங்க. அப்பறம் அவளே, இன்னிக்கி பூவு எத்தனைன்னு கேக்க ஆரம்பிச்சுட்டா." மொட்டைக் கொத்துக்கு மன்னிப்பு வேறு கேட்டார். அந்த நாலு நாளும் விடாத மழையாம். குடையைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தும் தூள் உதிரவில்லையாம். மழைக்கு அவர் என்ன செய்வார்!

ராத்திரி படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஐயாவுக்கு இப்போது இரவுப் பணி. காலை ஆறு மணிக்கு முடிகிறது. ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் தூங்கலாம். இத்தனை நாளும் அந்த மனிதர் ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, எங்கள் மாடிப்படியில் பத்து மணி ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் டாக்டர் வெளியே வந்து பேசுவதும் பத்து மணிக்குத்தான். நான் அங்கே கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அது.

நாலு வருஷமாக அவரிடம் நான் பேசியது பார்சல் வந்ததா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான். சாப்பிட்டீர்களா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? நினைவில்லை. இனிமேல் கேட்பேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், என் கணவருக்கு இப்போதைக்குத் தக்காளி கூடாது. தக்காளியில் இருக்கும் பொட்டாசியம் அவருக்கு இப்போது கணக்கு. அதனால் கார்த்திகையில் பழுக்கப்போகும் முதல் கூடை அன்னூர்ப் பஸ் ஏறுகிறது. மிச்சம் டிபன் டப்பா வீடுகளுக்கு.

இன்று காலை ஐயாவை ஆறரை பஸ்ஸுக்கு விரட்டிவிட்டேன். பத்து மணிக்கு பிரஷ்ஷோடு மாடியில் நிற்கிறேன், என் போன் அடிக்கிறது. புது எண்.

"ஏனுங்க அம்மிணி, நான் வாட்ச்மேன் ஊட்டுல பேசறனுங்க. இன்னிக்கி பூவு எத்தனைங்க?"

இருங்க அக்கா என்று சொல்லிவிட்டு, 14 பையும் சுற்றி வந்து எண்ணினேன். 31.