புள்ளியா கமாவா? சாஃப்ட்வேர் எழுதுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. நான் திருப்பூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன், கோடிங் எல்லாம் எனக்கு அரைகுறையாத்தான் தெரியும், ஆனா நீங்க எழுதுனது ஓடலைன்னா திட்டு வாங்குறது நான்தான், அந்த உரிமையில எழுதுறேன்.

ஒரு பனியன் கம்பெனியில புதுசா கட்டிங் மிஷின் எறக்குனாங்க, ஐரோப்பாவுல செஞ்சது, கூட ஒரு சாஃப்ட்வேர். மிஷின் மாட்ட வந்தவரு தன்னோட லேப்டாப்ல ஓட்டிக் காமிச்சாரு, வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அவரு கெளம்பிப் போனப்புறம் கம்பெனி கம்ப்யூட்டர்ல போட்டா லோகோ ஒரு நிமிஷம் வருது, மறையுது, அவ்வளவுதான். டாட்நெட் (அந்த சாஃப்ட்வேர் ஓடுறதுக்கு வேணும்ங்கிற மைக்ரோசாஃப்ட் அடித்தளம்) கழட்டி மாட்டுனேன், ஆன்டிவைரஸ் ஆஃப் பண்ணேன், அட்மின்ல ஓட்டுனேன், கடைசியா விண்டோஸே புதுசா போட்டேன், ஓனர் வேற பக்கத்துல நின்னுக்கிட்டு "ஏனுங்க ஆச்சுங்களா ஆச்சுங்களா"ன்னு கேட்டுட்டே இருக்காரு, சாயங்காலம் விண்டோஸ் எர்ரரையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவரைத் தொறந்து பாத்தா ஒரே வரி, "இன்புட் ஸ்ட்ரிங் வாஸ் நாட் இன் எ கரெக்ட் ஃபார்மட்", அதாவது குடுத்த எழுத்துக்கோர்வை (ஸ்ட்ரிங்) சரியான வடிவத்துல இல்லையாம். எந்த ஸ்ட்ரிங்? எந்த ஃபைல்ல? சொல்லல.

சரின்னு செட்டிங்ஸ் ஃபைலை நோட்பேட்ல தொறந்தேன். டேபிள் நீளம் 1.250,00னு இருந்துச்சு. அப்பத்தான் பொறி தட்டுச்சு. நாம ஆயிரத்து இருநூத்தி அம்பதை 1,250.00னு எழுதுவோம், ஜெர்மனிக்காரங்க 1.250,00னு எழுதுவாங்க, அவங்களுக்கு கமாதான் தசமப் புள்ளி. நம்பரை எப்படிப் படிக்கணும்னு விண்டோஸ்ல ரீஜன்னு ஒரு ஊரு செட்டிங் இருக்கு, நம்மூரு செட்டிங்ல இருந்த கம்ப்யூட்டர் புள்ளியைப் பாத்ததும் இது தசமம்னு எடுத்துக்கிச்சு, தசமத்துக்கு அப்பறம் கமா எப்படி வரும்னு முழிச்சிருச்சு, ப்ரோக்ராம் செத்துருச்சு.

நானும் ரொம்ப புத்திசாலியா அந்த ஒரு வரியை மட்டும் 1250.00னு மாத்தி சேவ் பண்ணேன். சாஃப்ட்வேர் தொறந்துச்சு! ஓனருக்கு சந்தோஷம், டீ வந்துச்சு. மிஷினை ஸ்டார்ட் பண்ணதும் அலாரம். என்னன்னு பாத்தா அதே ஃபைல்ல கீழ பிளேடு ஆஃப்செட் (பிளேடை எவ்வளவு தள்ளி வைக்கணும்ங்கிற அளவு) 0,75 மில்லிமீட்டர்னு இருந்தது, அதை நம்மூரு செட்டிங்ல டாட்நெட் 75னு படிச்சிருச்சு. ஆமாங்க, கமா ஆயிரம் பிரிக்கிறதுக்குன்னு நெனச்சு அதைத் தூக்கி எறிஞ்சிரும், மூணு இலக்கத்துக்கு ஒருக்கா சரியா வந்திருக்கான்னுகூட பாக்காது. எர்ரர் கெடையாது, வார்னிங் கெடையாது. மிஷின்ல லிமிட் இருந்ததால நின்னுச்சு, இல்லைன்னா துணி போயிருக்கும், யாராவது கையை வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாக்கவே பயமா இருக்கு. அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது, ஆரம்பத்துலயே க்ராஷ் ஆகுற சாஃப்ட்வேர் நல்லவன், தப்பா படிச்சுட்டு கம்முனு ஓடுறவன்தான் ஆபத்தானவன்.

சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா என்ன பதில் வந்துச்சு தெரியுமா? "ரீஜன்ல ஜெர்மன்னு மாத்துங்க." இதுக்குத்தாங்க இந்த மடலே. நான் கை வச்ச வரியைப் பழையபடி ஆக்கிட்டு மாத்துனோம், மிஷின் ஓடுச்சு. மறுநாள் அதே கம்ப்யூட்டர்ல அக்கவுண்ட்ஸ் பாக்குற பொண்ணு போன் போட்டுச்சு, "அண்ணா, எக்ஸெல்ல பீஸ் ரேட் 1.5னு அடிச்சா மே ஒண்ணாம் தேதின்னு வருது". பீஸ் ரேட் போடப் போனா தொழிலாளர் தினம் வந்து நிக்குது, பொருத்தம்தான், ஆனா சம்பளம் போடணுமே! லட்சத்துக்கு வர்ற கமாவும் காணாமப் போச்சு, கமா போட்டுப் பிரிச்சிருக்குற சிஎஸ்வி ஃபைல் எல்லாம் எக்ஸெல்ல ஒரே நெடுவரிசையில வந்து குவிஞ்சது. உங்க ஒரு ப்ரோக்ராமுக்காக ஊரையே மாத்தச் சொல்றது என்ன நியாயம்ங்க?

இதுல யாரு எழுதுறது சரின்னு சண்டை போட ஒண்ணுமில்ல. 2003லயே எடை அளவு பொது மாநாடு புள்ளியும் சரி, கமாவும் சரின்னு தீர்மானம் போட்டுருச்சு. பிரெஞ்சுக்காரங்க ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவாங்க, சுவிஸ்ல ஒத்தை மேற்கோள் குறி (’) ஒண்ணு போடுவாங்க, நாம 12,34,567னு எழுதுறோம். மனுஷன் கண்ணுக்கு காட்டுறப்ப அவன் ஊரு மாதிரி காட்டுங்க, அதுக்குத்தான் அந்த செட்டிங்கே இருக்கு. ஃபைலுக்குள்ள எழுதுறப்ப எந்த ஊரும் வேண்டாம், புள்ளி மட்டும் வச்சு ஒரே மாதிரி எழுதுங்க. டாட்நெட்ல இன்வேரியன்ட் கல்ச்சர்னு ஒண்ணு இதுக்குன்னே இருக்கு, எழுதுறப்பவும் அது, படிக்கிறப்பவும் அது.

ஜாவா எழுதுறவங்க சிரிக்காதீங்க. நம்பரை எழுத்தா எழுதுற உங்க ஸ்ட்ரிங் ஃபார்மட் ஜெர்மன் செட்டிங்ல ஊரைப் பாத்து 0,75னு எழுதும், எழுத்தைத் திரும்ப நம்பரா படிக்கிற பார்ஸ் டபுள் தசமத்துக்குப் புள்ளியைத் தவிர எதையும் ஏத்துக்காது. அப்ப மொத நாள் ஜம்முனு ஓடும், மூடுறப்ப செட்டிங்ஸை சேவ் பண்ணும், ரெண்டாம் நாள் தான் எழுதுனதைத் தானே படிக்க முடியாம விழும். "நேத்து ஓடுச்சுங்க, நாங்க எதையும் தொடல"ன்னு கஸ்டமர் சொல்றப்ப நம்ப மாட்டோம்ல, அவரு சொல்றது சத்தியமான உண்மை. சி எழுதுறவங்களுக்கு இன்னும் கூத்து, ப்ரோக்ராம் ஆரம்பிக்கிறப்ப ஒழுங்காத்தான் இருக்கும், நடுவுல ஏதோ ஒரு லைப்ரரி ஊரு செட்டிங்கை மாத்துற செட்லோக்கேலைக் கூப்புட்டுரும், அதுக்கப்புறம் ஜெர்மன் செட்டிங்ல நம்பர் படிக்கிற ஏடாஃப் 0.75ஐ புள்ளி வரைக்கும் படிச்சுட்டு வெறும் 0ன்னு குடுக்கும். பைத்தான்ல நம்பர் படிக்கிற ஃப்ளோட் இந்த வம்புக்கே போறதில்ல, நல்ல புள்ள.

இன்னொண்ணு, படிக்க முடியலைன்னா எந்த ஃபைல், எத்தனாவது வரி, அங்க என்ன இருந்துச்சுன்னு மூணையும் சொல்லிட்டுச் சாகட்டும். எனக்கு ஒரு நாள் பொழப்பு மிச்சமாகும். வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதடவை ஜெர்மன் செட்டிங்லயும் நம்மூரு செட்டிங்லயும் ஓட்டிப் பாருங்க, முடிஞ்சா துருக்கியும், அங்க சின்ன ஐ எழுத்தைப் பெருசாக்குனா தலையில புள்ளியோட வேற எழுத்தாயிரும், அது தனிக் கதை.

என்னைய மாதிரி சர்வீஸ் ஆளுங்களுக்கு: ரன்ல ஐஎன்டிஎல்.சிபிஎல் (intl.cpl)னு அடிச்சா ரீஜன் செட்டிங் நேரா தொறக்கும், அதுல அடிஷனல் செட்டிங்ஸ அமுக்குனா நம்பர் ஃபார்மட் இருக்கும். அது ஒவ்வொரு விண்டோஸ் லாகினுக்கும் தனித்தனி. அதனால மிஷினுக்குன்னு ஒரு லாகின் போட்டு அதுல மட்டும் ஜெர்மன் வச்சுட்டேன், அக்கவுண்ட்ஸ் பொண்ணுக்கு பழையபடி நம்மூரு. லினக்ஸ்னா கமாண்டுக்கு முன்னாடி எல்சி நியூமரிக்கை சின்னு (LC_NUMERIC=C) வச்சு ஓட்டிப் பாருங்க, ஓடுச்சுன்னா வியாதி இதுதான்.

கட்டிங் மாஸ்டர் அந்த லாகினுக்கு "தொரை"ன்னு பேரு வச்சிருக்காரு. போன வாரம் அந்த சாஃப்ட்வேருக்கு அப்டேட் வந்துச்சு, ஆசையா ஃபைலைத் தொறந்து பாத்தேன். 0,75 அப்படியே இருக்கு.