பூட்டிய வளவு வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் செட்டிநாட்டு ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீடு ஒன்றை இடித்துப் பிரித்தார்கள். தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேச ஆள் வந்திருந்தது. நம் முன்னோர் பர்மாவில் நடத்திய வட்டிக்கடைகளின் பேரேடுகளை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டுப் பிள்ளை தமிழை நன்றாகப் படிப்பவள். பேரேட்டைப் பிரித்து ‘அவ’ என்று படித்தாள். அது ௮வ. ௮ என்றால் எட்டு, வ என்றால் கால். ஆக எட்டேகால் ரூபாய். அதே வரியில் ‘பிரபவ ௵ ஆனி ௴’ என்று இருந்தது; ௵ வருடம், ௴ மாதம். ஓரத்தில் வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, கீழே மேற்படிக்கு ௸. தாய்மொழியில் எழுதிய கணக்கு, அவளுக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.

எழுத்து இப்படிக் கைநழுவுவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சீனாவின் ஹூனான் மாநிலத்தில் ஜியாங்யோங் என்ற ஊர்ப்பக்கத்தில் பெண்களுக்குள் மட்டும் புழங்கிய எழுத்து நூஷு. திருமணமான மூன்றாம் நாள் தோழியர் மணப்பெண்ணுக்கு அந்த எழுத்தில் எழுதிய ஏடு அனுப்புவார்கள். அவள் கண்மூடினால் ஏட்டையும் உடன் எரிப்பார்கள், அல்லது புதைப்பார்கள். பழைய முறையில் அதைக் கற்றவர்களில் கடைசியானவராகக் கருதப்பட்ட யாங் ஹுவான்யி 2004இல் காலமானார். 2017இல்தான் நூஷு, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ஏறியது. அங்கே பிரியத்தால் எரித்தார்கள். எடைக்குப் போட்ட நமக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை.

நம் முந்திரி, காணி, மா, வீசம் ஆகிய பின்னக் குறிகளுக்கு 2019இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கடையை நடத்திய மேலாளும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாளும் அவற்றை ஓட்டமாகச் சேர்த்து எழுதிய கை பேரேட்டில்தான் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனிமனிதராகச் சேர்த்த நூல்கள்தாம் இன்று சென்னையில் அவர் பெயரில் நூலகமாக இருக்கின்றன. நமக்கு ஒரு வளவே இருக்கிறது.

முன்னோருக்கான அடுத்த படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும், அதாவது எல்லாக் குடும்பங்களும், கூடும்போது பழைய ஏடுகள் கிடக்கும் பூட்டிய அறையையும் திறந்து பாருங்கள். பேரேடு, வட்டிச் சிட்டை, ஓலை எதுவானாலும் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். யார் யாரிடம் கடன்பட்டார் என்பது வெளியே தெரியுமே என்று தயங்குவீர்கள், நியாயம்தான். பெயர்களை மறைத்துவிடுங்கள், எழுத்தும் எண்ணும் போதும்.

பிள்ளை இப்போது முப்பது பக்கம் தாண்டிவிட்டாள். வட்டிக் கணக்கில் ஒரு குறி மட்டும் எனக்கும் விளங்கவில்லை: வளைந்து இறங்கி, வாலில் ஒரு சுழி. உங்கள் வீட்டு ஐயாவோ ஆச்சியோ அறிந்திருந்தால், ஏட்டோடு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்காளிகளில் ஒருவர்